பனித்தளத்தில் நம் நாட்டு அணி



தென்காசிக்கு அருகேயுள்ள இலத்தூரில் பிறந்து வளர்ந்தவன் நான். குற்றாலத்துச் சாரல் காற்றோடு எங்கள் ஊர் வரையில் வந்து முகத்தை நனைத்துவிட்டுப் போகும். நான் அறிந்த குளிர் அவ்வளவுதான். மார்கழி விடியலில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, "இன்றைக்குக் குளிர் சற்று அதிகம்" என்று சொல்லிக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன், தண்ணீர் கல்லாய் இறுகிக் கிடக்கும் நாட்டில் ஆடப்படும் ஐஸ் ஹாக்கியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆயினும் அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் தங்கை மகன் படையில் சேர்ந்து லடாக்கில் சில ஆண்டுகள் பணியாற்றியவன். ஒரு முறை விடுமுறையில் வந்திருந்தபோது, கோடைக்காலத்து மாலையில் நாங்கள் இருவரும் ஊர்க் குளத்தங்கரையில் நின்றுகொண்டிருந்தோம். குளம் வற்றி வெடித்துக் கிடந்தது. அதில் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு அவன் சொன்னான்: "மாமா, அங்கே தண்ணீர் இறுகினால் பிள்ளைகளுக்கு ஆடுகளம் கிடைக்கும். இங்கே தண்ணீர் வற்றினால் கிடைக்கிறது. இரண்டும் இரண்டு மாதந்தான்."

அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. நம் நாட்டு ஐஸ் ஹாக்கி அணியின் கதையை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஆட்டம் எத்தகையது என்று சொல்லிவிடுகிறேன். பனித்தளத்தில் ஒரு பக்கத்திற்குக் கோல் காவலர் உட்பட 6 பேர் நிற்பார்கள். காலணியின் அடியில் மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். பந்துக்குப் பதிலாக, 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றைக் கோலால் தள்ளிக்கொண்டு போவார்கள். அதற்குப் 'பக்' என்று பெயர். இருபது இருபது நிமிடங்களாக 3 பகுதிகள் ஆடுவார்கள். ஓட்டம் அவ்வளவு கடுமையானதாகையால், களத்தில் இறங்கியவர் ஒரு நிமிடத்திற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வர, வேறொருவர் உள்ளே பாய்வார். தளத்தைச் சுற்றி மார்பளவுக்குச் சற்றுக் குறைந்த பலகைச் சுவர் உண்டு. வட்டு அந்தச் சுவரில் மோதித் திரும்பும். எந்தக் கோணத்தில் அடித்தால் எங்கே திரும்பும் என்று கணக்கிட்டு ஆடுவது இந்த ஆட்டத்தின் பாதி வித்தை. இந்தப் பலகைச் சுவரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரில் 1875-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள், கூரையிட்ட மண்டபம் ஒன்றில் விதிகளோடு ஆடப்பட்ட ஆட்டத்தையே இன்றைய ஐஸ் ஹாக்கியின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அதுவரை உறைந்த ஏரிகளிலும் ஆறுகளிலும் மனம் போனபடி ஆடி வந்ததை, நான்கு சுவருக்குள் கொண்டுவந்து ஒழுங்கு செய்தவர்கள் அந்நகரத்தார். 1908-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு பாரிசில் தோன்றிற்று. 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டமும் இடம்பெற்றது.

அதே 1920-இல்தான் நம் நாட்டுச் சிம்லாவில் பனிச்சறுக்குத் தளம் ஏற்பட்டது. பிளெசிங்டன் என்ற வெள்ளைக்காரர், வெளியே வைத்த தண்ணீர் இரவில் உறைந்து போவதைக் கண்டு, டென்னிஸ் ஆடும் இடத்தில் நீரைப் பாய்ச்சி உறைய வைத்தார் என்று சொல்வார்கள். யந்திரம் ஏதுமின்றி, குளிரே செய்து கொடுத்த தளம் அது. ஆனால் இந்த ஆட்டம் நம் நாட்டில் ஆழமாக வேர் பிடித்தது லடாக்கில்தான்.

லே நகரம் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்து இரவுகளில் பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி வரையிலும் குளிர் இறங்கும். மலைவழிகள் பனியால் மூடிப்போகும். வயலில் வேலை இராது. அந்த முடங்கிய மாதங்களுக்கு உயிரூட்ட வந்தது ஐஸ் ஹாக்கி. 1970-களில் அங்கே காவல் இருந்த படைவீரர்களிடமிருந்து அது ஊர் மக்களிடம் பரவிற்று. தொடக்கத்தில் முறையான காலணி ஏது? படைவீரரின் பூட்சு அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக்கொண்டு ஆடினார்கள். இரவில் தண்ணீரை மெல்லிய படலமாகத் தளத்தில் ஊற்றுவார்கள். அது உறைந்த பின் மீண்டும் ஒரு படலம். ஒரேயடியாக ஊற்றினால் மேலே மட்டும் இறுகி உள்ளே பொள்ளலாகிவிடும். உடல் விறைக்கும் நள்ளிரவில் இப்படி அடுக்கடுக்காய்ப் பொறுமையோடு களம் செய்வதும் அவர்களுக்கு ஆட்டத்தில் ஒரு பகுதியாயிற்று. நம் தேசிய அணியில் பெரும்பாலோர் இந்த மண்ணில் தோன்றியவர்கள். லடாக் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவிலும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிலும் பணி செய்துகொண்டே ஆடியவர்கள் பலர்.

இந்தியா 1989-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பில் உறுப்பு நாடாயிற்று. ஆனால் ஆண்கள் அணி பன்னாட்டுப் போட்டியில் கால் வைக்க மேலும் 20 ஆண்டுகள் பிடித்தன. 2009 மார்ச்சு மாதத்தில் ஆசியச் சேலஞ்ச் கோப்பைப் போட்டிக்கு நம் அணி சென்றது. போட்டி நடந்த இடம் எது என்று நினைக்கிறீர்கள்? சைபீரியாவா? மங்கோலியாவா? இல்லை. பாலைவனத்து நகரமாகிய அபுதாபி!

இந்தக் கதையின் நடு முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மணற்காட்டில் மண்டபம் கட்டி, தரைக்குள் குழாய்களைப் பதித்து, குளிர வைத்த உப்புநீரை அவற்றில் ஓடவிட்டு, மேலே நாலு விரற்கடைக்கும் குறைந்த கனத்தில் பனித்தளம் அமைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஆண்டு முழுவதும் ஆடலாம். நம்மவர்களோ இமயத்தின் மடியிலிருந்து போனவர்கள். பனிக்கு அவர்கள் பிறவி உறவினர். ஆனால் ஆண்டில் இரண்டு மாதம் மட்டுமே தளத்தைக் கண்டவர்கள். அதுவும் திறந்த வெளித் தளம். பலகைச் சுவரைப் பற்றி முன்னே சொன்னேன் அல்லவா? முறையான சுவர் இல்லாத குளத்தில் ஆடிப் பழகியவனுக்கு, மோதித் திரும்பும் வட்டு புதிர். வழவழப்பான செயற்கைத் தளத்தின் வேகமும் புதிர். முடிவு என்னவாகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் அணி தோற்றது. கோப்பையை வென்றது யார்? பாலைவனத்து ஐக்கிய அரபு அமீரகம்.

குளிர் நாட்டில் பிறந்தவன் தோற்கிறான்; வெயில் நாட்டு அணி வெல்கிறது. ஓர் அணியை உருவாக்குவது தட்பவெப்பம் அன்று. நாள் தவறாமல் இறங்கிப் பழக ஒரு களம். இந்த உண்மையை அபுதாபி கற்றுக்கொடுத்தது.

அடுத்து நிகழ்ந்தது இதை மேலும் தெளிவாக்குகிறது. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்களுக்காக டேராடூனில் செயற்கைப் பனி மண்டபம் ஒன்று எழுந்தது. சொந்த நாட்டில் நம் அணிக்கு முழு அளவில், சுவரோடும் கூரையோடும் ஒரு தளம் கிடைத்தது. மறு ஆண்டு, 2012-இல், அதே டேராடூனில் ஆசியச் சேலஞ்ச் கோப்பையின் ஒரு பிரிவு நடந்தபோது, நம் ஆண்கள் அணி மக்காவ் அணியை வென்றது. பன்னாட்டுப் போட்டியில் அதுவே முதல் வெற்றி. ஆடியவர்கள் அதே லடாக் இளைஞர்கள். மாறியது தளம்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நானும் மகிழ்ச்சியோடு விடைபெற்றிருப்பேன். ஆனால் பனியைக் காக்கும் யந்திரத்திற்கு மின்சாரம் வேண்டும்; மின்சாரத்திற்குப் பணம் வேண்டும். செலவு தாங்காமல் அந்த மண்டபம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2025-இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. இடையில் வளர்ந்த ஒரு தலைமுறை வீரர்கள், மறுபடியும் குளிரின் தயவையே நம்பியிருந்தார்கள். அந்தக் குளிரும் முன்போல் இல்லை; அண்மை ஆண்டுகளில் லடாக்கில் பனி பிந்தி இறுகி முந்தி உருகுகிறது என்று அங்குள்ளோர் கவலைப்படுகிறார்கள்.

இத்தனைக்குமிடையே அவர்கள் ஆட்டத்தை விடவில்லை. 2016-இல் பெண்கள் அணியும் பன்னாட்டுக் களம் புகுந்தது. பொதுமக்கள் அனுப்பிய சிறு சிறு தொகைகள் அவர்களுடைய பயணத்திற்குத் துணையாயின. 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை 4-க்கு 3 என வென்று முதல் வெற்றி கண்ட அப்பெண்கள், 2025-இல் ஆசியக் கோப்பையில் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார்கள். அண்ணன்மார் வெட்டிய வழியில் தங்கைமார் முந்திக்கொண்டார்கள்!

நேயர்களில் சிலர், "பனி நமக்கு அந்நியம்; அதில் தோற்றால் என்ன?" என்று கேட்கலாம். சரி, நமக்கு மிகவும் சொந்தமான புல்தரை ஹாக்கியைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் 8 முறை தங்கம் வென்ற நாடு நாம். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையையும் வென்றோம். மறு ஆண்டு ஒலிம்பிக்கில் புல்லுக்குப் பதிலாகச் செயற்கைத் தரை விரித்தார்கள். அதில் நம் அணி ஏழாம் இடத்திற்கு இறங்கிற்று. ஓராண்டில் வீரர்களின் கை மறந்துபோகவில்லை. காலடியில் இருந்த தரை மாறிப்போயிற்று. அந்த ஒலிம்பிக் நடந்த ஊரும் மாண்ட்ரியாலே. 1875-இல் ஐஸ் ஹாக்கியைக் கூரைக்குள் கொண்டுவந்த அதே ஊர், நூறாண்டு கழித்து நமக்கும் களத்தின் பாடத்தைச் சொல்லித் தந்தது.

நம் பக்கத்திலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. கோவில்பட்டியின் கரிசல் மண்ணில் வெயிலும் புழுதியும் பாராமல் ஹாக்கி ஆடி வந்தார்கள். பின்னர் அங்கே விளையாட்டு விடுதியும் செயற்கைத் தரையும் வந்தன. 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டிக்குச் சென்ற இந்திய அணியில், கோவில்பட்டியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் என்ற இரு தமிழ் இளைஞர்கள் இருந்தார்கள். களம் ஊருக்கு வந்தது; ஊர்ப் பிள்ளைகள் நாட்டுக்குப் போனார்கள்.

கடைசியாக என்னைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் பள்ளியொன்றில் நெடுநாள் உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்தவன். அந்தப் பள்ளிக்கு ஆடுகளம் கிடையாது. ஒரு பையன் ஹாக்கிக் கோலைத் தானே மரத்தில் செதுக்கி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "ஐயா, ஆடக் கற்றுத் தாருங்கள்" என்றான். நான், "களம் வரட்டும் தம்பி, பார்க்கலாம்" என்றேன். மறுபடியும் இரண்டு முறை கேட்டான். அதே பதிலைச் சொன்னேன். பிறகு அவன் கேட்கவில்லை. படிப்பையும் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். களம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையை நான் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதும் உண்மை.

லடாக்கில் நள்ளிரவில் வாளியோடு நின்று படலம் படலமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பற்றி அறிந்த அன்று, எனக்கு அந்தப் பையனுடைய முகம் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கும் களம் இல்லை. "வரட்டும், பார்க்கலாம்" என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. இருக்கிற குளிரைக் கொண்டு இருக்கிற இடத்தில் ஒன்றைச் செய்தார்கள். தோற்பதற்கென்றாலும் போய் நின்றார்கள். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். தளமும் கூரையும் மின்சாரமும் கொடுக்க வேண்டியது நாட்டின் கடமை.

இப்போது மாலைதோறும் இலத்தூர்ப் பிள்ளைகளோடு நானும் நிற்கிறேன். குளத்தில் நீர் இருக்கும் மாதங்களில் அறுப்பு முடிந்த வயல் ஒன்றை அதன் உடையவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அங்கே. நீர் வற்றினால் குளத்திலே. என் விசிலின் ஓசை முன்போல் உரக்க எழுவதில்லை. எனினும் பிள்ளைகளுக்குக் கேட்கிறது. கோலோடு வந்து யாரேனும் கேட்டால், "வா, தொடங்கலாம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.