படகுக்குள்ள ஒரு ஜனவரி: ஈர மெத்தை, அடைச்ச துவாரம்

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல. குளிர்காலத்துல ஒரு சின்னப் படகுக்குள்ள எப்படித் தூங்கறதுன்னு பேசப்போறோம். "டேய், இங்க ஃபேன் நின்னா முழிப்பு வருது, எங்களுக்கு எதுக்கு இது"ன்னு நீங்க கேக்கறது புரியுது. இருங்க, சொல்றேன்.

போன வருஷம் ஜனவரியில ஆபீஸ் வேலையா லண்டன் போனேன். காலேஜ்ல என் ரூம்மேட்டா இருந்தவன் அங்கதான் இருக்கான். அபார்ட்மென்ட்ல இல்ல, படகுல. வாடகை கட்டிக் கட்டி வெறுத்துப்போய், ஒரு பழைய நேரோபோட் வாங்கிட்டான். பேருக்கு ஏத்த மாதிரி ரொம்பக் குறுகலான படகு. அகலம் ஆறடி பத்து அங்குலம். இங்கிலாந்து கால்வாய்கள்ல நிறைய லாக் ஏழடி அகலம்தான், அதுக்குள்ள நுழையணும்னு இந்த அளவு. இவன் படகு நீளம் நாப்பத்தஞ்சு அடி. நம்ம எம்டிசி பஸ்ஸை விடக் கொஞ்சம் நீளம், ஆனா அதைவிட ஒல்லி. நிரந்தரமா நிறுத்த இடம் இல்லாதவங்க பதினாலு நாளுக்கு ஒரு தடவை வேற இடத்துக்கு நகரணும், அது விதி. நான் போனப்போ படகு லீ ஆத்துப் பக்கம் நின்னுச்சு. "ஹோட்டல் எதுக்கு மச்சி, வீக்கெண்ட் இங்க வா"ன்னான். போயிட்டேன்.

உள்ள நுழைஞ்சதும் முன்பக்கம் ஒரு குட்டி இரும்பு அடுப்பு. நிலக்கரித் துண்டும் விறகும் போட்டு எரிக்கறது, புகை ஒரு குழாய் வழியா கூரைக்கு மேல போயிடும். அது பக்கத்துல உக்காந்தா சொர்க்கம். டி-ஷர்ட்டோட உக்காந்து டீ குடிச்சோம். அப்புறம் தூங்கப் போனேன். கட்டில் இருக்கறது படகோட பின்பக்கம். நடுவுல சமையல்கட்டு, பாத்ரூம், ஒரு வளைஞ்ச நடை. அடுப்புச் சூடு அந்த முனைக்கு வர்றதே இல்ல. வர்ற கொஞ்சமும் கூரையை ஒட்டியே நிக்குது. நண்பன்கிட்ட ரெண்டு தெர்மாமீட்டர் இருந்துச்சு. அடுப்புக்கு மேல கூரைகிட்ட 28 டிகிரி, என் கால்மாட்டுல 9. ஒரே படகு!

அந்த முதல் ராத்திரி நான் செஞ்சது, எல்லாரும் செய்யறது. ரெண்டு ஸ்வெட்டர், ஜீன்ஸ், சாக்ஸ், எல்லாத்தையும் போட்டுட்டு போர்வைக்குள்ள சுருண்டேன். ரெண்டு மணிக்கு முழிச்சேன். நடுக்கம். மெத்தையோட ஓரத்துல கை வெச்சா ஈரம். மழை எதுவும் ஒழுகல. அந்தத் தண்ணி என்னோடது.

இதைக் கொஞ்சம் விளக்கறேன், ஏன்னா இங்கதான் முழு விஷயமும் இருக்கு. தூங்கற ஒரு ஆள் ராத்திரி பூரா மூச்சு வழியாவும் தோல் வழியாவும் ஒரு டம்ளர் தண்ணிக்குக் குறையாம ஆவியா வெளிய விடறான். வீட்டுல இது தெரியாது. படகுல, உங்க தலையணையிலேர்ந்து ஒரு ஜாண் தள்ளி இரும்புச் சுவர். அதுக்கு அந்தப் பக்கம் நாலஞ்சு டிகிரியில கால்வாய்த் தண்ணி. காத்து 18 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம்னு வெச்சுக்கோங்க. 11 டிகிரிக்குக் கீழ இருக்கற எதைத் தொட்டாலும் அந்தக் காத்து தண்ணியைக் கக்கிடும். ஐஸ் போட்ட சர்பத் டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்குமே, அதேதான். இங்க நீங்க டம்ளருக்கு உள்ள இருக்கீங்க.

அந்த ஈரம் மெத்தைக்குள்ள, போர்வைக்குள்ள, நீங்க போட்ட ஜீன்ஸுக்குள்ள இறங்குது. போர்வை எப்படி சூடு தருது? அது சூடே தர்றதில்ல, அதுக்குள்ள சிக்கிக்கிட்டு அசையாம நிக்கற காத்துதான் நம்ம சூட்டை வெளிய விடாம வெக்குது. அந்தக் காத்து இருந்த இடத்துல தண்ணி வந்துட்டா, சூடு அது வழியா ஓடிடும். ஆக, குளிர் படகுல முதல் எதிரி குளிர் இல்ல. ஈரம்.

இன்னொரு கணக்கும் சொல்லிடறேன், இது ரெண்டாம் நாள் நானே பேப்பர்ல போட்டுப் பாத்தது. கேஸ் அடுப்பைச் சும்மா எரியவிட்டு ரூமைச் சூடு பண்ணலாம்னு எனக்குத் தோணுச்சு. பன்னெண்டாங்கிளாஸ் கெமிஸ்ட்ரிதான். ஒரு கிலோ புரொப்பேன் எரிஞ்சா 1.6 கிலோ தண்ணி வருது. ஆவியா. அது எங்க போய் ஒதுங்கும்? என் மெத்தைக்குத்தான். அதோட புகைபோக்கி இல்லாம எரியற எந்த நெருப்பும் தூங்கற இடத்துக்கு ஆகாது, அதுக்கு வர்றேன். (ஒரு கொசுறு: இங்கிலாந்துல நீல சிலிண்டர்ல வர்ற பியூட்டேன் ஜீரோ டிகிரி பக்கத்துல ஆவியாகவே மறுத்துடும். டீ போட அடுப்பைத் திருப்பினா ஒண்ணும் வராது. அதனால குளிர்காலத்துல படகுக்காரங்க சிவப்பு சிலிண்டர், அதாவது புரொப்பேன் வாங்குவாங்க.)

சரி, அப்போ என்னதான் பண்றது? நண்பன் மூணு குளிர்காலம் அடிபட்டுக் கத்துக்கிட்டவன். மெத்தைக்குக் கீழ முழுப்பலகை இருந்ததை எடுத்துட்டு, இடைவெளி விட்டு மரச்சட்டம் அடிச்சிருந்தான், அவன் பக்கக் கட்டில்ல மட்டும். கீழ காத்து ஓடும், மெத்தை அடிப்பக்கம் காயும். இதை அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "கயித்துக் கட்டில் வாங்கிப் போடச் சொல்லு அவனை"ன்னாங்க. தப்பே இல்ல, கொள்கை அதேதான். ஆனா அடியில ஓடற காத்தும் குளிர் காத்துதானே. அதனால மெத்தை மேல ஒரு தடிமனான கம்பளி விரிப்பு. மேல நாலு போர்த்தறதை விட முதுகுக்குக் கீழ ஒண்ணு போடறது நல்லது, ஏன்னா நம்ம எடையில நசுங்கின மெத்தையில காத்து தங்காது. இதை எனக்கு யாரும் சொன்னதில்ல.

மெத்தை சுவரைத் தொடக்கூடாது. நாலு விரல் இடைவெளி வேணும். பகல்ல போட்டிருந்த எதையும் போட்டுக்கிட்டுத் தூங்கக்கூடாது, அதுல ஏற்கெனவே உங்க வேர்வை இருக்கு. காஞ்ச பனியன், காஞ்ச சாக்ஸ், தலைக்கு ஒரு கம்பளிக் குல்லா. போர்வைக்குள்ள தலையை விட்டு மூச்சு விடவே கூடாது. காலையில எழுந்ததும் போர்வையைச் சுருட்டி வெக்காம விரிச்சுப் போட்டு, பத்து நிமிஷம் ஜன்னலைத் திறந்து வெக்கணும். வெளிய ரெண்டு டிகிரி இருக்கும்போது ஜன்னலைத் திறக்கறது பைத்தியக்காரத்தனமாத் தெரியும். ஆனா ரெண்டு டிகிரி காத்துல தண்ணி ரொம்பக் கம்மி. உள்ள வந்து சூடானதும் அது காய்ஞ்ச காத்து.

அப்புறம் ஹாட் வாட்டர் பேக். நம்ம ஊர்ல வயித்துவலிக்கு வெப்போமே, அதேதான். நான் சிரிச்சேன். அப்புறம் கணக்குப் போட்டேன். ரெண்டு லிட்டர் தண்ணி அறுபது டிகிரியிலேர்ந்து முப்பதுக்கு ஆறும்போது கிட்டத்தட்ட 70 வாட்-ஹவர் வெளிய விடுது. உங்க லேப்டாப் பேட்டரி மொத்தமும் அவ்வளவுதான். அதைப் போர்வைக்குள்ள கால்மாட்டுல, படுக்கறதுக்கு அரைமணி முன்னாடி வெச்சிட்டா, மொத்த சூடும் உங்களுக்கு. அதுவே படகு பேட்டரியில ஹீட்டர் ஓட்டலாம்னு நினைச்சா? நூறு ஆம்பியர்-ஹவர் பேட்டரி, பன்னெண்டு வோல்ட், பாதிக்கு மேல காலி பண்ணக்கூடாது, அப்போ 600 வாட்-ஹவர். ரெண்டாயிரம் வாட் ஹீட்டர் பதினெட்டு நிமிஷத்துல அதைக் குடிச்சிடும். ரூமைச் சூடு பண்ணாம ஆளைச் சூடு பண்ணுங்கறான் அவன். கட்டிலைச் சுத்தி ஒரு கனமான திரை போட்டிருந்தான், அதுவும் இதுக்குத்தான்.

அடுப்பு மேல ஒரு ஃபேன் வெச்சிருந்தான், வயரும் இல்ல, பேட்டரியும் இல்ல. அடிப்பக்கம் சூடு, மேல்பக்கம் குளிர்ச்சி, அந்த வித்தியாசத்துலேர்ந்தே கரண்ட் எடுத்துச் சுத்துது. கூரைக்கிட்ட நிக்கற சூட்டைப் பின்பக்கம் கொஞ்சம் தள்ளும். கொஞ்சம்தான். பாக்க அழகா இருக்கும்.

இப்போ அந்த விஷயம்.

மூணாவது ராத்திரி. நல்ல காத்து. என் கட்டிலுக்கு நேர் மேல கூரையில ஒரு துவாரம், அதுக்கு மேல காளான் மாதிரி ஒரு பித்தளைக் குடை. அங்கேர்ந்து மூஞ்சி மேல குளிர் இறங்கிக்கிட்டே இருந்துச்சு. கதவுக்குக் கீழயும் ஒரு கம்பித் துவாரம், அங்கேர்ந்து காலுக்கு. நண்பன் தூங்கிட்டான். நான் எழுந்து என் டவலைச் சுருட்டி மேல திணிச்சேன். இன்னொரு டவலைக் கதவுக்குக் கீழ. போற வழியில அடுப்பைப் பாத்தேன், தணிஞ்சிருந்துச்சு. ஓரத்துல இருந்த ரெண்டு விறகை உள்ள போட்டு, ராத்திரி பூரா நிக்கட்டும்னு காத்து வர்ற திருகை இறுக்கி மூடினேன். ரொம்ப புத்திசாலித்தனமா உணர்ந்தேன். அன்னைக்குத்தான் முதல் தடவை எனக்குக் குளிரல.

மூணரை மணிக்கு ஒரு சத்தம். காதைக் கிழிக்கிற பீப், நாலு நாலா. எனக்கு அது கனவுல பேஜர் அடிக்கிற மாதிரி இருந்துச்சு. ஆன்-கால் ட்யூட்டியில புரொடக்ஷன் விழுந்துடுச்சு, எழுந்திரிக்கணும், ஆனா கை வரல. அவன்தான் என்னைச் சட்டையைப் பிடிச்சு இழுத்து வெளிய கொண்டுவந்தான். கரைமேல, ஈரப் புல்லுல, வெறுங்காலோட நின்னேன். தலை இடிச்சுது. வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. அவன் ஒண்ணும் பேசல. எமர்ஜென்சி நம்பருக்குக் கூப்பிட்டான். வந்தவங்க ஆக்சிஜன் மாஸ்க் மாட்டினாங்க. ஆஸ்பத்திரியில அஞ்சு மணிநேரம். ரெண்டு பேருமே தப்பிச்சோம்.

கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்ல, வாசனை இல்ல. ரத்தத்துல ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். ஈர விறகு, மூடின காத்துத் திருகு, அரைகுறையா எரிஞ்ச நெருப்பு. வெளிய அடிச்ச காத்து புகையைக் குழாயிலேயே திருப்பி அமுக்கியிருக்கும். அந்தத் துவாரங்கள் திறந்திருந்தா காத்து மாறிக்கிட்டே இருந்திருக்கும். அதை நான் டவல் வெச்சு அடைச்சேன். அந்தத் துவாரத்துக்கு மூடியே வெக்காததுக்குக் காரணம், என்னை மாதிரி ஒருத்தன் குளிருதுன்னு மூடிடுவான்னு தெரிஞ்சுதான். இங்கிலாந்துல இந்த மாதிரி படகுகளுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு. 2019 ஏப்ரல்லேர்ந்து அதுல கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். 2013 ஏப்ரல்ல விண்டர்மியர் ஏரியில ஒரு படகுல ஜெனரேட்டர் புகை உள்ள வந்து, தூங்கிக்கிட்டிருந்த அம்மாவும் பொண்ணும் இறந்துட்டாங்க. எனக்கும் அவங்களுக்கும் நடுவுல இருந்தது, சுவத்துல மாட்டியிருந்த உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பா.

நம்ம கொடைக்கானல்லயும் ரூமுக்குள்ள கரி அடுப்பை வெச்சுக்கிட்டுத் தூங்கி, காலையில எழுந்திரிக்காதவங்க செய்தி வந்திருக்கு. குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருப்பாங்க. நீங்க அடுத்த லாங் வீக்கெண்டுக்கு மலைக்குப் போய் பார்பெக்யூ போடற ஆளா இருந்தா, அந்தக் கரியை வெளியவே விட்டுட்டு வாங்க. அணைஞ்ச மாதிரி இருந்தாலும்.

ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வர்ற வழியில பஸ்ல அவன்தான் முதல்ல பேசினான். "டவல் யாரோடது?" "என்னோடது." "ரெண்டுமா?" "ரெண்டும்." அப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். "உங்க அம்மாவுக்கு நான்டா போன் பண்ணியிருக்கணும்"னான். அதுக்கு நான் என்ன சொல்றது? ஒண்ணும் சொல்லல.

அன்னைக்கு ராத்திரி ஹோட்டலுக்குப் போகலாம்னு நினைச்சேன். அவன் விடல. அடுப்பை மூட்டல. மெத்தை சுவத்தை விட்டுத் தள்ளி, கம்பளி விரிப்பு கீழ, காஞ்ச பனியன், குல்லா, கால்மாட்டுல ஹாட் வாட்டர் பேக். மூஞ்சி மேல அந்தக் குளிர் காத்து இறங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. தெர்மாமீட்டர்ல எட்டு டிகிரி. காலையில ஏழு மணி வரைக்கும் தூங்கினேன்.

இப்போ இங்க வீட்டுல அம்மா பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்கு. அதே டப்பா ஒண்ணு வாங்கி அங்க வெளிச்சுவத்துல மாட்டியிருக்கேன், ஜன்னல்ல ஒரு கண்ணாடியையும் கழட்டிட்டேன். "கொசு வருதுடா"ன்னு தினமும் திட்டு. வலை அடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன், இந்த ஞாயித்துக்கிழமை அந்த வேலை.

சரி மக்களே, அடுத்த வாரம் பேசலாம்.