தடத்தின் மணிக்கூடு

(உடுப்பிட்டியில் நடந்த தரவு வலையமைப்புக் கருத்தரங்கின் தலைமை உரை)



உடுப்பிட்டியில் பிறந்தவன் உடுப்பிட்டியிலேயே இப்படியொரு அவைக்குத் தலைமை தாங்குவது எனக்குப் பெரிய பேறு. நேற்றிரவு நித்திரை வரவில்லை. எனக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் இருவர் இன்று கட்டுரை வாசிக்கப் போகிறார்கள். இரு தலைமுறைக்கும் நடுவில் நின்று பிழையில்லாமல் பேசவேண்டுமே என்ற பயம் இந்த நிமிடம்வரை போகவில்லை.

இன்றைய பொருள், தரவு வலையமைப்புகளுக்காக இலக்கமுறைத் தட இடைமுக அலகை அமைத்தல். வேலைத்தளத்தில் இதை ஈ1 பெட்டி என்போம். அதன் வரலாற்றை விரைவாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். குரலைத் துடிப்புகளாக்கி அனுப்பும் வழியை அலெக் ரீவ்ஸ் 1930களின் இறுதியில் கண்டார். அமெரிக்காவில் 1962இல் 24 குரல்களை ஒரே தடத்தில் ஏற்றினார்கள். ஐரோப்பியர் அதை 32 நேர முறைகளாக்கினார்கள். இலங்கை ஐரோப்பிய வழியில் போனது. 1990களின் தொடக்கத்தில் மொரட்டுவையில் பேராசிரியர் அபய இந்துருவவும் அவரோடு இருந்தவர்களும் பல்கலைக்கழகங்களை மின்னஞ்சலால் இணைத்துக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டுகளில் இங்கே போரினால் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். போரில் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறந்த பிறகுதான் ஈ1 பெட்டிகளை இந்தப் பக்கத்து அலுவலகங்களில் என் கண்ணால் கண்டேன்.

சட்டகத்துக்கு 256 பிட், செக்கனுக்கு 8,000 சட்டகம், ஆக 2.048 மெகாபிட். பூச்சிய முறை சட்டகத்தை அடையாளம் காண, பதினாறாம் முறை சமிக்ஞைக்கு. இவற்றை இந்த அவையில் விளக்கத் தேவையில்லை. 75 ஓம் கோஅக்சியலா 120 ஓம் சோடிக் கம்பியா என்று பார்க்காமல் பெட்டியைப் பூட்டியவர்களும், ஒரு முனையில் சிஆர்சி-4ஐப் போட்டு மறுமுனையில் போடாமல் விட்டவர்களும் அதற்கான தண்டனையை அன்றைக்கே அனுபவித்திருப்பார்கள். தரவுக்கு மட்டும் பயன்படும் தடத்தில் பதினாறாம் முறையையும் எடுத்துக்கொள்ளலாமா, 1,920 கிலோபிட்டா 1,984 கிலோபிட்டா என்ற வழக்கும் பழையது. தடம் தரும் நிறுவனம் எதை ஒதுக்கியதோ அதையே போடுங்கள் என்பதோடு அதை முடித்துக்கொள்ளலாம். இந்தப் பிழைகளெல்லாம் வெளிச்சமானவை. சிவப்பு விளக்கு எரியும், தடம் எழும்பாது, பொறியியலாளர் தேடிக் கண்டுபிடிப்பார்.

விளக்கு எரியாத பிழை ஒன்று உண்டு. எனக்குத் தரப்பட்ட நேரத்தில் பெரும்பங்கை அதற்கே கேட்கிறேன். அது மணிக்கூட்டுப் பிழை.

எங்கள் ஊர்ப் பங்குக் கிணற்றை நினைத்துப்பாருங்கள். இன்னார் தோட்டத்துக்கு இன்ன நேரம் என்று இறைப்பு முறை இருக்கும். இறைக்கும் தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலுக்குப் போகும். இறைப்பவர் ஒரு வேகத்திலும் வாய்க்கால் இன்னொரு வேகத்திலும் போனால் தொட்டி ஒன்றில் வழியும், அல்லது வற்றும். ஈ1 வலையமைப்பின் குறுக்கிணைப்புக் கருவிக்குள்ளும் அப்படியொரு தொட்டி இருக்கிறது. உங்கள் பெட்டி சொந்த மணிக்கூட்டின்படி ஊற்றுகிறது, வலையமைப்பு தன் மணிக்கூட்டின்படி எடுக்கிறது. தொட்டி நிரம்பினால் கருவி ஒரு சட்டகத்தை அப்படியே கொட்டிவிடும். வற்றினால் பழைய சட்டகத்தை இன்னொருமுறை கொடுக்கும். இதைத்தான் ஸ்லிப் என்கிறோம். மறுபக்கம் போகும் சட்டகம் வெளிப்பார்வைக்கு முழுமையாகவே இருக்கும். பூச்சிய முறை சரி, சிஆர்சி சரி, ஒரு அலாரமும் இல்லை. உள்ளே போன பொதி மட்டும் உடைந்திருக்கும்.

ஸ்லிப் என்பதற்குக் கலைச்சொல் தேடியபோது மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் ‘வழுக்கல்’ என்று எழுதினார். அன்றைக்கும் நான் ஒப்பவில்லை, இன்றைக்கும் ஒப்பவில்லை. வழுக்குவது தற்செயல், எப்போது வழுக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஸ்லிப் கணக்குப் போட்டதுபோல வரும். இரு மணிக்கூடுகளுக்கும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசமென்றால் 125 செக்கனுக்கு ஒன்று, ஐந்து பங்கென்றால் 25 செக்கனுக்கு ஒன்று. சிவசம்புப் புலவர் பிறந்த ஊரில் நின்றுகொண்டு ‘தளை தட்டுதல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஒரு சீர் விடுபட்டால் வெண்பாவின் ஓசை எந்த இடத்தில் முறிகிறதென்று கேட்கும் காதுக்குத் தெரியும். அந்தச் சொல்லில் ஒழுங்கும் இருக்கிறது, ஒழுங்கின் முறிவும் இருக்கிறது.

இனி என் அனுபவம். ஏ9 திறந்து சில காலம் சென்று, வடமராட்சியில் ஓர் அலுவலகத்துக்குக் கொழும்போடு தரவுத் தடம் எடுத்தார்கள். பெயர் தேவையில்லை. 8 முறைகள், 512 கிலோபிட். கொழும்பிலிருந்து இங்கே வருவது சுத்தமாக வந்தது. இங்கிருந்து போவது பகலில் சிதைந்தது, இரவில் சிதையவில்லை. எல்லோரும் கம்பியைக் குற்றம் சொன்னார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? எத்தனை தூண்கள் சரிந்து கிடந்தன, எத்தனை இணைப்புகள் துருப்பிடித்திருந்தன என்று கண்டவர்கள் அவர்கள். போகும் திசைக்கான சோடியை மாற்றினார்கள். பிழை நின்றபாடில்லை. பரிமாற்று நிலையத்திலிருந்து லூப் போட்டுப் பார்த்தார்கள், ஒரு பிட்கூடப் பிழையில்லை. எங்கள் பக்கமிருந்து லூப் போட்டோம், அதுவும் சுத்தம். பிங் அனுப்பினால் எல்லாம் திரும்பி வரும். மூன்று கிழமை இப்படியே போனது.

நான் செய்தது இவ்வளவுதான். பெரிய கோப்பொன்றைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, கொழும்பில் இருந்தவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, அங்குள்ள றவுட்டரின் பிழை எண்ணி கூடும் ஒவ்வொரு நேரத்தையும் கொப்பியில் எழுதினேன். அரை மணித்தியாலம் எழுதினேன். 25 செக்கன், 25 செக்கன், 25 செக்கன். துரு மணிக்கூடு பார்த்துப் பிழைவிடாது. மழைக்கும் அந்த ஒழுங்கு இல்லை.

எங்கள் முனைப் பெட்டியில் மணிக்கூடு ‘உள்’ என்றும் (பெட்டியின் சொந்தத் துடிப்பு), கொழும்பு முனையில் ‘தடம்’ என்றும் (தடத்தில் வரும் துடிப்பு) போடப்பட்டிருந்தது. அதனால்தான் ஒரு திசை மட்டும் கெட்டது. இரவில் பிழை இல்லாததற்குக் காரணம், இரவில் தரவே இல்லை. வெறும் தடத்தில் ஓடுவது ஒரே கொடிக் குறி. அதில் எட்டுப் பைட் விடுபட்டாலும் ஒன்றும் தெரியாது. பிங்கின் சின்னப் பொதிகள் அந்த 25ஆவது செக்கனில் அகப்படுவது அரிது. பரிமாற்று நிலையத்து லூப்பில் எங்கள் பெட்டி வந்த துடிப்பையே திருப்பிக் கொடுத்தது. எங்கள் லூப்பில் எங்கள் துடிப்பே எங்களுக்குத் திரும்பியது. இரண்டு சோதனையிலும் இரு மணிக்கூடுகள் சந்திக்கவே இல்லை. பிறகு எப்படிப் பிழை தெரியும்? ‘உள்’ளைத் ‘தடம்’ ஆக்கினேன். அன்றோடு முடிந்தது.

பழுதுப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘கேபிள் மாற்றப்பட்டது, சரி.’ அந்த வரி என்னை இன்றுவரை உறுத்துகிறது. போர் எங்கள் கம்பிகளைத் தின்றது உண்மை, அதை மறுக்க எனக்கு வாய் வராது. ஆனால் மணிக்கூடு செய்த பிழையையும் போரின் கணக்கில் எழுதினால் அடுத்து வருபவர் திரும்பவும் கம்பியைத்தான் தோண்டுவார். தோண்டினார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

‘உள்’ என்று போட்டது ஏன்? கவலையீனம் அல்ல. எங்களுக்கெல்லாம் படிப்பித்த விதி அது: ஒரு முனை தலைமை, மறுமுனை அதைப் பின்பற்றும். இந்த விதியை எங்கள் பயிற்சிக் குறிப்புகளில் எழுதியவர் எனக்கு மூத்தவர், என்னை இத்துறைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அவர் எழுதியது எந்தத் தடத்துக்கு என்று கேட்கவேண்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் சொந்தக் கம்பி இழுத்தால், சொந்த நுண்ணலை இணைப்புப் போட்டால், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. முழு 2 மெகாபிட்டையும் உள்ளே தொடாமல் காவிச்செல்லும் தடத்திலும் சரி. அங்கே வாடிக்கையாளரின் துடிப்பு நிரப்பு பிட்டுகளின் துணையோடு மறுமுனைவரை அப்படியே போய்ச் சேரும். ஆனால் 64 கிலோபிட் முறைகளைப் பிரித்து அடுக்கும் குறுக்கிணைப்பு நடுவில் வந்துவிட்டால், தலைமை ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது, வலையமைப்பிடம். அப்போது இரு முனையும் ‘தடம்’ என்றுதான் இருக்கவேண்டும். சில முறைகளை மட்டும் தரும் பகுதி ஈ1 எடுத்தால் குறுக்கிணைப்பு இருக்கிறதென்றே கொள்ளுங்கள். நண்பர்கள் கேட்கிறார்கள், தடம் விழுந்தால் மணிக்கூடும் போய்விடுமே என்று. தடம் விழுந்த நேரத்தில் எந்தத் தரவைக் காப்பாற்ற மணிக்கூடு வேண்டும்? துடிப்பு நின்றால் பெட்டி தானாக உள் மணிக்கூட்டுக்கு மாறிக்கொள்ளும் வசதியும் பெரும்பாலான கருவிகளில் உண்டு.

இந்த வழக்கில் என் சாட்சி, எங்கள் நூலகங்களில் ஒருவரும் புரட்டாத ஜி.822 என்ற அனைத்துலகத் தொலைத்தொடர்புப் பரிந்துரை. ஜி.703ஐயும் ஜி.704ஐயும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். 1988இன் நீலப் புத்தகத்தில் சில பக்கங்களே கொண்ட இதை எடுத்துப்பார்த்தவர்கள் குறைவு. 27,500 கிலோமீற்றர் நீளமான அனைத்துலக இணைப்பொன்றில், நூற்றுக்கு 98.9 பங்கு காலத்தில், 24 மணித்தியாலத்துக்கு ஐந்து ஸ்லிப்புக்கு மேல் வரக்கூடாது என்கிறது அது. எங்கள் தடத்தில் ஒரு நாளைக்கு 3,456 வந்தது. கண்டம் தாண்டும் தடத்துக்கு ஐந்து, வடமராட்சித் தடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம்! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அந்த மூன்று கிழமையும் மிஞ்சியிருக்கும்.

ஈ1 பெட்டிகள் கழற்றப்பட்டு நார்க் கண்ணாடியும் ஈதர்நெட்டும் வந்துவிட்டன, இனி ஏன் இந்தப் பேச்சு என்று பிள்ளைகள் நினைக்கலாம். ஈதர்நெட் பொதியைக் காவுமே தவிர, இயல்பாக அது மணிக்கூட்டைக் காவாது. கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கோ தன் அலைவரிசையை நூறு கோடியில் ஐம்பது பங்குக்குள் பிடிக்கவேண்டிய கட்டாயம். அதற்காக ஈதர்நெட்டின் மேலேயே மணிக்கூட்டை அனுப்பப் புது நெறிமுறைகள் எழுதினார்கள். பெட்டி போய்விட்டது, யாருடைய மணிக்கூடு என்ற கேள்வி கோபுரத்தில் ஏறி நிற்கிறது. ‘ஒரு முனை தலைமை’ என்ற விதி அங்கேயும் யோசனையின்றிப் பிரதி பண்ணப்படுவதை நான் காண்கிறேன்.

பரிமாற்று நிலையங்களிலும் அலுவலகங்களிலும் கிடக்கும் பழைய பழுதுப் பதிவேடுகளை எரிக்காதீர்கள், பழைய கடதாசிக்காரருக்கு நிறுக்காதீர்கள். நேரம் எழுதப்பட்ட பதிவேடு ஒன்று கிடைத்தாலும் எனக்குச் சொல்லுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். பிழை எத்தனை தரம் வந்தது என்ற கூட்டுத்தொகை எனக்கு வேண்டாம். எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று ஒரு காவலாளி கிறுக்கி வைத்திருந்தால் அதுதான் வேண்டும்.

முதற்கட்டுரையை வாசிக்கத் தம்பியை அழைக்கிறேன். அவருடைய கட்டுரையை முன்கூட்டியே வாசித்துவிட்டேன், உழைப்புத் தெரிகிறது. இரண்டாம் அட்டவணையில் ஒரு திசைக்கு மட்டும் பிழைகள் குவிந்திருக்கின்றன, அதற்குக் காரணம் ஈரம் என்று எழுதியிருக்கிறார். அந்தத் தடத்தின் இரு முனையிலும் மணிக்கூடு எங்கே வைக்கப்பட்டிருந்தது என்ற நிரல் அட்டவணையில் இல்லை. தம்பி, வாசிக்க முதல் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.