மூழ்கிக் கற்கும் மொழி: ஏலாக்குறிச்சி முதல் ஸ்பானியம் வரை

பிறமொழி ஒன்றை வாய்பாடாக ஒப்பிக்காமல், அம்மொழி புழங்கும் சூழலுக்குள் இருந்தே கேட்டும் பேசியும் தவறியும் திருத்திக்கொண்டும் கற்பதை ‘மூழ்கிக் கற்றல்’ எனலாம். ஸ்பானிய மொழியை இம்முறையில் கற்க நினைப்பவர் மாட்ரிட்டுக்கோ மெக்சிகோவுக்கோ பயணச்சீட்டு எடுத்தாக வேண்டும் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் அம்மொழி இல்லாமல் அன்றைய காரியம் நடக்காது என்ற நெருக்கடியை ஏற்படுத்திக்கொள்வதே இம்முறையின் உயிர். ஊர் மாறுவது அதற்கு ஒரு வழி மட்டுமே. இதற்கான சான்றுகளைத் தேடித் திருச்சி நேயர்கள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை.

திருவரங்கம் கோயிலில் ரெங்கவிலாச மண்டபத்தை ஒட்டிய கடைகளில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தின்போது சற்று நின்று கவனித்தால், ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பத்துக்குத் தெலுங்கிலும் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியிலும் கடைக்காரர் விலை சொல்வதைக் கேட்கலாம். பித்தளை விளக்கின் விலை, அதைவிடச் சிறியது உண்டா என்ற கேள்வி, இரண்டாக எடுத்தால் குறைப்பீர்களா என்ற பேரம் ஆகிய இவையே ஒரு நாளில் பலமுறை திரும்ப வருவதாலும், தவறாகச் சொன்ன எண்ணை வாங்க வந்தவரே சரியாகத் திருப்பிச் சொல்லிவிடுவதாலும், எந்த வகுப்புக்கும் போகாமல் அவருக்கு அம்மொழியின் ஒரு மூலை முழுமையாகக் கைவந்துவிடுகிறது. அவருக்குத் தெலுங்கு இலக்கணம் தெரியாது என்பது உண்மையே. ஆயினும் தமக்கு வேண்டிய அந்த மூலையில் அவர் தடுமாறுவதில்லை என்பதுதான் கற்போர் கருத வேண்டியது.

இவ்வாறு ஒரு மூலையிலிருந்து தொடங்கி மொழி முழுவதையும் கைக்கொண்டவர்கள் இப்பகுதியில் வாழ்ந்திருக்கின்றனர். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். பின்னர் அவர் வகுத்துக்கொண்ட அன்றாட ஒழுங்கு இன்றைய மாணவருக்கும் பொருந்தும்: காலையில் ஒரு மணிநேரம் முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்வது, பிறகு நண்பகல் வரை தமிழ் அறிந்த முதியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களை மட்டுமே படிப்பது, பிற்பகலிலும் அதையே தொடர்வது. தாம் பின்பற்ற விரும்பிய நடையில் அமைந்த நூல்களைத் தேர்ந்து அவற்றையே மீண்டும் மீண்டும் படித்தார். புதிது புதிதாகத் தாவாமல் சிலவற்றையே பலமுறை படிக்கும் இவ்வழக்கம், நாளுக்கொரு செயலியை மாற்றிக்கொண்டிருக்கும் இக்காலக் கற்போரிடம் அருகிவிட்டது.

திருச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணிபுரிந்த வீரமாமுனிவரோ இன்னும் விரிவாகப் பேசத்தக்கவர். 1680இல் இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்து, முப்பது வயதளவில் இந்தியா வந்த இவர், வயது கடந்தபின் புதுமொழி நாவில் படியாது என்ற வழக்கமான சமாதானத்தைப் பொய்யாக்கினார். தேம்பாவணி பாடியதும் சதுரகராதி தொகுத்ததும் பள்ளி மாணவரும் அறிந்த செய்திகளே. மொழி கற்போர் நோக்கில் அவற்றைவிடச் சுவையானது, அவர் தமிழுக்கு இலத்தீனில் ஒன்றல்ல, இரண்டு இலக்கணங்கள் எழுதினார் என்பது. ஏட்டுத் தமிழாகிய செந்தமிழுக்கு எழுதியதிலிருந்து வேறாக, தெருவிலும் சந்தையிலும் மக்கள் பேசிய வழக்காகிய கொடுந்தமிழுக்கென்று 1728இல் தனியே ஓர் இலக்கணம் இயற்றினார். கத்தோலிக்கரான அவருடைய அந்நூலை 1738இல் அச்சிட்டவர்கள், சமயக் களத்தில் அவருக்கு எதிரணியில் நின்ற தரங்கம்பாடி லூத்தரன் சபையார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்; பகையையும் மீறி அந்நூல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. பேச்சும் எழுத்தும் இரண்டாகப் பிரிந்து நிற்கும் ஒரு மொழியில் வெளியார் நுழைய வேண்டிய வாயில் பேச்சே என்பதை வீரமாமுனிவர் கண்டுகொண்டார். நுழைந்தபின் காப்பியம் வரை சென்றார்.

இனி ஸ்பானியத்துக்கு வரலாம். ஸ்பெயின், எக்குவடோரியல் கினி, அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் என இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக உள்ள இதனைத் தமிழர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே கற்கின்றனர். தேவையற்ற பல தடைகள் அங்குதான் முளைக்கின்றன. ஸ்பானியத்தின் தகரம், தமிழின் தகரத்தைப் போலவே நாநுனி பல்லைத் தொடப் பிறப்பது. ஆயினும் ஆங்கில எழுத்தைக் கண்டவுடன் அதை டகரமாக ஒலிக்கும் பழக்கத்தால், ‘தொமாத்தே’ என்று எளிதாகச் சொல்லக்கூடிய தக்காளியைத் தமிழ் மாணவர் ‘டொமாட்டே’ ஆக்கிவிடுகிறார். தமிழில் சொல்லின் நடுவே உயிரெழுத்துகளுக்கிடையில் வல்லினம் மெலிந்து ஒலிப்பது போலவே ஸ்பானியத்திலும் சில ஒலிகள் அவ்விடத்தில் மெலிகின்றன. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பழக வேண்டிய இவ்வொலிப்பு ‘அது’ என்று நாளெல்லாம் சொல்லும் நாவுக்குப் புதிதன்று. தொடரமைப்பிலும் இவ்வுறவு தொடர்கிறது. ‘எனக்குக் காபி பிடிக்கும்’ என்பதை ஸ்பானியர் ‘மே குஸ்தா எல் கஃபே’ என்கின்றனர். விரும்புபவர் நான்காம் வேற்றுமையில் நிற்க, விரும்பப்படும் பொருளே எழுவாயாகிறது. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் அதே அச்சில் வார்த்தது. வினைமுற்றே தன்மை, முன்னிலை, படர்க்கையைக் காட்டிவிடுவதால் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதும், நீ என்றும் நீங்கள் என்றும் மரியாதை பிரிப்பதும் இரு மொழிக்கும் பொதுவானவை. வகுப்பில் இத்தொடர்களை ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு ஸ்பானியத்துக்கு மாற்றித் திணறுபவரிடம் நேரே தமிழில் நினைக்கச் சொன்னால் பாதித் திணறல் அடங்கிவிடும்.

எல்லாம் எளிதென்று சொல்வதும் நேர்மையாகாது. ரகரத்துக்கும் றகரத்துக்கும் உரிய வேறுபாடு இன்றைய திருச்சிப் பேச்சில் பெரும்பாலும் மங்கிவிட்டது. ஸ்பானியத்திலோ ‘விலை அதிகம்’ என்பதையும் ‘வண்டி’ என்பதையும் பிரிப்பது அத்தகைய ஓரொலி வேறுபாடே ஆகையால், நாவை அதிரவிடும் பயிற்சி நாள்தோறும் தேவை. உயிரற்ற மேசையும் நாற்காலியும் பெண்பாலாகவும் புத்தகம் ஆண்பாலாகவும் வருவது திணைப் பாகுபாட்டில் வளர்ந்தவருக்கு வியப்பளிக்கும். ஒவ்வொரு பெயரையும் அதன் முன் நின்று பால்காட்டும் சொல்லோடு சேர்த்தே மனத்தில் பதிப்பதன்றி இதற்குக் குறுக்குவழி இல்லை. கேட்டதைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்கும் வழக்கமும் ஆபத்தானது. தமிழில் பகரம் ஒன்றே இருப்பதால், பணத்தைக் குறிக்கும் ‘பெசோ’வும் முத்தத்தைக் குறிக்கும் ‘பெசோ’வும் குறிப்பேட்டில் ஒன்றாகிவிடும்; சில்லறை கேட்கப் போன இடத்தில் நேரக்கூடிய விபரீதத்தை நேயர்களின் கற்பனைக்கே விட்டுவிடலாம்.

நாட்டுக்கு நாடு பேச்சு வேறுபடுவதால், முதல் ஓராண்டுக்கு ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, அந்நாட்டு வானொலிச் செய்தியில் இரண்டு நிமிடப் பகுதியைப் பதிவுசெய்து ஒரு வாரம் முழுதும் அதையே கேட்பது நலம். மன்னார்புரத்தில் பேருந்து ஏறித் திருவரங்கம் போய்ச் சேர்வதற்குள் அப்பகுதியைப் பத்து முறையாவது கேட்டுவிடலாம். முதல் நாளில் ஒரே ஓசை வெள்ளமாகத் தோன்றுவது, வாரக் கடைசியில் சொல் சொல்லாகப் பிரிந்து விழும். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் புணர்ந்து ஒலிப்பது தமிழர் அறிந்த ஒன்றாதலால், ஸ்பானியச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடுவது கண்டு மலைக்க வேண்டியதில்லை.

கேட்பது மட்டும் போதாது. எதிரில் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆங்கிலம் பழக விரும்பும் ஸ்பானியம் பேசுவோர் ஏராளமாக இருப்பதால், அரைமணி ஆங்கிலம், அரைமணி ஸ்பானியம் என்ற உடன்பாட்டில் இணைய அழைப்பில் உரையாடலாம். ஒரு வாரம் காய்கறி வாங்குவது, மறுவாரம் வழி கேட்பது என்று ரெங்கவிலாசக் கடைக்காரரைப் போல ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதிலேயே உழல வேண்டும். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விழைவோருக்கு ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனம் புதுதில்லியில் 2009 முதல் இயங்குகிறது. அதன் டெலெ தேர்வு ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள் கொண்டது. இலக்கணம், நூல்கள், திரைப்படங்கள் ஆகியவற்றை விரித்துரைக்க இவ்வுரைக்கு ஒதுக்கிய நேரம் இடந்தரவில்லை.

மெக்சிகோ நகரம் இந்திய நேரத்துக்குப் பதினொன்றரை மணிநேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே வேலை முடித்து வீடு திரும்பியவர்கள் பேச ஓய்வாக இருக்கும் இரவு ஏழரை மணி, இங்கே மறுநாள் காலை ஏழு மணியாகிறது. பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் வந்து சேரும் அவ்வேளையில், மன்னார்புரத்து வீடொன்றின் மாடியிலிருந்து ‘புவேனாஸ் நோச்செஸ்’ என்று யாரேனும் உரக்க இரவு வணக்கம் கூறும் நாள் விரைவில் வரட்டும். அண்டை வீட்டார் மட்டும் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.