புள்ளியைப் பார்க்காத பிள்ளைக்கு

போன எபிசோடில் கண் அசைவால் கணினியை இயக்குவது பற்றிப் பேசியிருந்தேன். "எங்க பிள்ளை அந்தப் புள்ளியையே பார்க்க மாட்டேங்குது, அப்புறம் எப்படி?" என்று பலர் கேட்டிருந்தீங்க.

காத்திவாக்கத்தில் ஒரு வீடு. ஏழு வயதுப் பெண், பெருமூளை வாதம். பேச்சு இல்லை, தலை சரியாக நிற்காது. ஏற்கெனவே ஓர் இடத்தில் சோதித்துப் பார்த்து, "இவளுக்குப் புரியல" என்று அனுப்பிவிட்டார்களாம். அம்மா அதையே நம்பிவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கருவி அகச்சிவப்பு ஒளியைக் கண் மேல் அடிக்கும். விழியில் தெரியும் மினுக்கத்துக்கும் கண்மணியின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை அளக்கும். அந்த அளவு திரையில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று கருவிக்குச் சொல்லித் தருவதுதான் கேலிபரேஷன். வழக்கமாக 5 அல்லது 9 புள்ளி. புரிய வேண்டியது கருவிக்கு, பிள்ளைக்கு இல்லை!

முதல் நாள் கருவி அவள் கண்ணையே கண்டுபிடிக்கல. கிழக்கு பார்த்த வாசல், காத்துக்காகக் கதவு திறந்தே இருக்கும். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டே! அவளை வெயில் படாத மூலைக்கு மாற்றினோம், கண் கிடைத்தது.

அடுத்தது புள்ளி. அதில் அவளுக்கு என்ன இருக்கு? ஆனால் கும்மிடிப்பூண்டி ரயில் சத்தம் கேட்டால் கண் திரும்பும். அண்ணன்காரன் ஸ்டேஷனுக்குப் போய் போனில் ரயிலைப் பிடித்து வந்தான். சில மென்பொருளில் புள்ளிக்குப் பதில் நம்ம வீடியோவையே வைக்கலாம். இடது, வலது, இரண்டே இடம். அவள் பார்ப்பது அரை நொடிதான், அந்த நேரம் பார்த்து நான் பட்டனை அழுத்தணும். நாலைந்து தடவை தவறவிட்டது நான்தான்.

நகரும் பொருளைக் கண் தொடர்வதை வைத்தே கருவியைச் சரிசெய்யலாம் என்று 2013-லேயே ஆய்வாளர்கள் செய்து காட்டியிருக்காங்க. நிலைத்துப் பார்க்கணும்னு கட்டாயம் இல்லை.

துல்லியம் குறையும், உண்மைதான். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 5 டிகிரி பிழை என்பது திரையில் சுமார் 5 செ.மீ. அதனால் சின்னச் சின்ன எழுத்துப் பலகை வேண்டாம். திரையைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு படம் போதும்.

ஒருபக்கம் ரயில், ஒருபக்கம் அம்மா படம் வைத்தோம். ரயிலைப் பார்த்தாள். தற்செயலா இருக்கலாம் இல்லையா? பக்கத்தை மாற்றினோம். கண்ணும் மாறியது. திரும்ப மாற்றினோம். ரயில்தான்.

"நான் வேணாமாம் பாருங்க மேடம்" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.