யாரிடமிருந்து சுயேச்சை?

(புத்தக வெளியீட்டாளர்களும் வாசகர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் "சுயேச்சையான புத்தக வெளியீடு" என்பதாகும். இந்தத் தலைப்பைப் பார்த்தவுடன் நமக்கு முதலில் தோன்றியது, சுயேச்சை என்றால் யாரிடமிருந்து சுயேச்சை என்கின்ற கேள்விதான். ஒருவன் சொந்தப் பணத்தைப் போட்டு, சொந்தப் பெயரில் பதிப்பகம் என்று ஒரு பலகை மாட்டிவிட்டால் அவன் சுயேச்சைக்காரனாகி விடுவானா? பெரிய முதலாளியிடம் அவன் சம்பளம் வாங்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் அவன் அச்சடித்த புத்தகம் வாசகன் கைக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை பேர் வாசலில் அவன் காத்து நிற்க வேண்டியிருக்கிறது, அவர்களில் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டால் அவன் கதி என்ன என்பதைப் பார்த்தல்லவா அந்தப் பட்டத்தைக் கொடுக்க வேண்டும்?

உங்களில் அநேகருக்குத் தெரிந்த ஒரு சங்கதியை எடுத்துக்கொள்ளுவோம். 1936-ம் வருஷம் லாகூரில் இருந்த ஜாத்-பாத்-தோடக் மண்டலம் என்னும் ஜாதி ஒழிப்புச் சங்கத்தார் தங்கள் மகாநாட்டுக்குத் தலைமை வகிக்கும்படி டாக்டர் அம்பேத்கர் அவர்களை அழைத்தார்கள். அவர் எழுதிய தலைமையுரையைப் பார்த்ததும் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வேதத்தைப் பற்றியும் இந்து மதத்தை விடுவதைப் பற்றியும் உள்ள பாகங்களை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று எழுதிவிட்டார். மகாநாடு நடக்கவில்லை. அவரோ அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டு, எட்டணா விலை வைத்து வெளியிட்டார். இரண்டு மாதத்துக்குள் அவ்வளவும் தீர்ந்துவிட்டன. குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்தது. தமிழில் கொண்டுவந்தவர்கள் யார் என்று இக்கூட்டத்தாருக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அவருடைய தைரியத்தை மாத்திரமல்ல. தைரியமுள்ளவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த 1,500 பிரதிகளும் எப்படிப் போய்ச் சேர்ந்தன? வாங்கக் காத்திருந்த ஜனங்கள் இருந்தார்கள், இயக்கம் இருந்தது. நம் நாட்டிலும் அக்காலத்தில் கூட்டம் நடந்த இடமெல்லாம் புத்தகக் கடையாக இருந்தது. ஒரணா, இரண்டணாவுக்குச் சின்னப் புத்தகங்களை மேடைக்கு அருகிலேயே விற்றார்கள். எழுதினவனுக்கும் படிக்கிறவனுக்கும் மத்தியில் தரகன் என்று ஒருவன் அங்கே இல்லை.

இப்பொழுது அச்சுத் தொழிலில் வந்திருக்கும் சௌகரியம் அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்காதது. முன்பெல்லாம் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். கோத்த கூலிக்காவது கட்டுப்படியாக வேண்டுமென்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதியாவது போட வேண்டும். இன்று கம்ப்யூட்டரில் கோத்து ஐம்பது பிரதி போடலாம், ஒரே பிரதியும் போடலாம். ஆதலால் பதிப்பகங்கள் பெருகிவிட்டன. மிகவும் சந்தோஷம். ஆனால் அடித்ததை விற்கும் வழி அதே அளவுக்குப் பெருகியிருக்கிறதா என்றால், இல்லை. முன்னே அச்சாபீஸ் வாசலில் நின்றவர்கள் இப்பொழுது வேறு வாசலில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு 200 ரூபாய்ப் புத்தகத்தின் கணக்கைப் பாருங்கள். கடைக்காரருக்குக் கமிஷன் நூற்றுக்கு 35 அல்லது 40. அதாவது 70, 80 ரூபாய். எழுதினவருக்கு ராயல்டி நூற்றுக்குப் 10 என்றால் 20 ரூபாய். (கொடுக்கிறவர்களைப் பற்றித்தான் சொல்லுகிறோம்.) மீதி நூறு ரூபாயில் காகிதம், அச்சு, கட்டடம், அட்டைப்படம், பிழை திருத்தினவர் கூலி, பார்சல், வாடகை எல்லாம் அடங்க வேண்டும். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று சொல்லிக்கொள்ளுகிறார்கள். ஆனால் காகிதத்துக்கு உண்டு. விற்கும்போது வரி இல்லாததால், காகிதத்துக்குக் கட்டின வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி இல்லை. அந்த நூறு ரூபாயும் கைக்கு வருவது எப்போது? புத்தகம் விற்றபிறகு; அதுவும் கடைக்காரர் மனம் வைத்தபிறகு. நாமே ஒரு கடையில் நூறு பிரதி கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் நடந்தோம். கடைசியில் பணத்துக்குப் பதிலாகக் கட்டு திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது.

நிற்க. கெட்ட எண்ணமுள்ளவனிடம் மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரில் 1969-ல் புத்தகக்காரர்கள் இருவர் சேர்ந்து ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிபியூஷன் என்று ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். பெரிய வியாபாரிகள் சீந்தாத சிறு பதிப்பகங்களின் புத்தகங்களைக் கடைகளுக்குச் சேர்ப்பதே அதன் வேலை. லாப நோக்கமும் இல்லை. ஏறக்குறைய 400 பதிப்பகங்கள் அதை நம்பியிருந்தன. 55 வருஷம் நடந்தபின், 2024 மார்ச்சு 28-ந் தேதி திடீரென்று மூடிவிட்டதாகக் கடிதம் வந்தது. பதிப்பகத்தாரின் சரக்கு அதற்குக் கொஞ்ச காலம் முன்னர்தான் வேறு கிடங்குகளுக்கு மாற்றப்பட்டிருந்தது. தம் புத்தகத்தைத் தாமே தேடிப்போய் மீட்கும் நிலைமை அவர்களுக்கு ஏற்பட்டது. விற்ற புத்தகத்துக்கு வரவேண்டிய பணமும் பலருக்கு நின்றுபோயிற்று. இத்தனைக்கும் அது அவர்களுக்கு உபகாரியான ஸ்தாபனம். அப்படியும், வாசல் ஒன்றே ஒன்றாக இருந்ததால் அது மூடினவுடன் நானூறு பேரும் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள்.

உபகாரிக்கே இப்படியென்றால் மற்றவர்கள் சங்கதி கேட்க வேண்டுமா? 1995-ல் புத்தகக் கடையாக வியாபாரம் ஆரம்பித்த அமேசான் கம்பெனி, சிறு பதிப்பகங்களிடம் அதிகக் கமிஷன் கேட்பதற்கு வகுத்த திட்டத்துக்குள் "கெஜல்" என்று பெயர் வழங்கியதாக 2013-ல் பிராட் ஸ்டோன் எழுதிய புத்தகம் சொல்லுகிறது. கெஜல் என்பது மான் ஜாதி. சிறுத்தையானது நோய்ப்பட்ட மானை எப்படி அணுகுமோ அப்படி அணுக வேண்டும் என்பது முதலாளியின் அபிப்பிராயமாம். 2004-ல் மெல்வில் ஹவுஸ் என்னும் சிறு பதிப்பகத்தார் இம்மாதிரிக் கேட்டதைப் பகிரங்கமாகக் கண்டித்தார்கள். உடனே அவர்களுடைய புத்தகங்களை அந்தக் கடையில் வாங்குவதற்குள்ள பொத்தான் மறைந்துவிட்டது. கேட்டதைக் கொடுத்தபின் திரும்பி வந்தது. இது தூரதேசத்துக் கதை என்பீர்கள். நம் நாட்டில் வெஸ்ட்லாண்ட் என்னும் பதிப்பகத்தை அதே கம்பெனி 2016-ல் வாங்கிற்று; 2022 பிப்ரவரியில் மூடப்போவதாக அறிவித்தது. எழுத்தாளர்கள் தங்கள் புத்தகங்கள் கடைகளிலிருந்து மறைந்துவிடுமே என்று அலைந்தார்கள். பிறகு வேறொரு கம்பெனி கைகொடுத்து அதை மறுபடியும் நடக்கச் செய்தது. கை கொடுக்க ஆள் வந்ததால் பிழைத்தது.

இதற்கு மற்ற நாட்டார் என்ன செய்தார்கள்? பிரான்சில் 1981-ல் ஒரு சட்டம் செய்தார்கள். பதிப்பகத்தார் போட்ட விலைக்குமேல் தள்ளுபடி நூற்றுக்கு 5-க்கு அதிகம் கொடுக்கக் கூடாது. பெரிய கடையானாலும், தெருக்கோடிக் கடையானாலும் ஒரே விலை. தபால் கூலி இலவசம் என்று சொல்லி இதைத் தாண்டப் பார்த்தார்கள். அதற்கும் 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைந்த புத்தகப் பார்சலுக்கு 3 யூரோவாவது கூலி வாங்கியே தீரவேண்டும் என்று கட்டினார்கள். இங்கிலாந்தில் 1900-ல் ஏற்பட்ட விலை ஒப்பந்தம் 1995-ல் குலைந்தது. 1997-ல் கோர்ட்டாரும் அதைத் தள்ளிவிட்டார்கள். நம் நாட்டிலோ அப்படிக் குலைவதற்கும் ஒரு சட்டம் இல்லை.

பக்கத்து மலையாளத்தைப் பாருங்கள். 1945-ல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் கூடி, சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம் என்று வைத்துத் தங்கள் புத்தகங்களைத் தாங்களே வெளியிட்டார்கள். எழுதினவருக்கு நூற்றுக்கு 30 ராயல்டி கொடுத்தார்கள். பிற்காலத்தில் அதற்கும் தளர்ச்சி வந்தது. ஆனால் எழுதிப் பிழைக்கலாம் என்பதை ஒரு தலைமுறைக்குக் காட்டிவிட்டது. அதைக் கண்டு நாம் ஏன் செய்யவில்லை? இரண்டு பதிப்பகத்தார் ஒரு வண்டியில் பார்சல் அனுப்பவே நமக்குள் ஒற்றுமை ஏற்படுவதில்லை.

இனி நம் வீட்டுச் சங்கதி. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். குடிசைக்காரனும் கொடுக்கிற அந்தப் பணத்தில் சர்க்கார் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறது. நல்ல ஏற்பாடு, இது நிற்கக்கூடாது, தாமதமும் ஆகக்கூடாது, எந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தோம், ஏன் தள்ளினோம் என்று வரி கொடுத்தவனுக்குக் காரணமும் சொல்ல வேண்டும். ஆனால் நம் பதிப்பகத்தாரில் பலர் இந்த "லைப்ரரி ஆர்டர்" ஒன்றையே நம்பி அச்சடிக்கிறார்கள். ஆர்டர் ஒரு வருஷம் தள்ளினால் அச்சகத்துக்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒளிகிறார்கள். இதைவிட மோசம் என்னவென்றால், இதைப் போட்டால் ஆர்டர் கிடைக்குமா, இன்னாருக்குக் கோபம் வருமா என்று புத்தகம் கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே தாங்களே கத்தரி போட்டுவிடுகிறார்கள். லாகூர்க்காரர்களாவது கத்தரிக்கச் சொன்னதைக் கடிதத்தில் எழுதினார்கள். இவர்கள் மனதுக்குள்ளேயே கத்தரித்துக்கொள்ளுவதால் போனது என்னவென்று யாருக்கும் தெரிவதில்லை. இவர்கள் சர்க்கார் காண்ட்ராக்டர் என்று பலகை மாட்டிக்கொண்டால் நமக்கு ஆட்சேபணை இல்லை. சுயேச்சை என்று மாட்டுவதுதான் பொருந்தவில்லை.

பதிப்பகத்தாரையே திட்டிக்கொண்டிருந்தால் வாசகத் தோழர்களுக்குக் கேட்க இன்பமாயிருக்கும். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. முந்நூறு ரூபாய்ப் புத்தகம் விலை அதிகம் என்கிறீர்கள். கல்யாணத்தில் இலையில் வீணாகும் சோற்றின் விலையை யாராவது கேட்டதுண்டா? மற்றவர்களை விடுங்கள், பகுத்தறிவுப் புத்தகம் ஒன்று வெளிவந்த ஒரு வாரத்துக்குள் அதைப் படம்பிடித்துப் பி.டி.எப். என்று செல்போனில் அனுப்புகிறவர்கள் நம் தோழர்களே. கொள்கை பரவுகிறதாம்! கொள்கை பரவும், அச்சடித்தவன் கடைதான் மூடிப்போகும். ஏழை மாணவன் ஒருவன் அப்படிப் படித்தால் நாம் குற்றம் சொல்ல மாட்டோம். மாதம் அறுபதினாயிரம் சம்பளம் வாங்குகிறவருக்கு எதற்காக இந்தத் தர்மப் பிரதி?

ஆனபடியால் நாம் சொல்லுவது இதுதான். ஊருக்கு ஐந்நூறு பேர், வருஷத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் கட்டி, புத்தகம் வந்தவுடன் வீட்டுக்கு வாங்கிக்கொள்ளட்டும். நாலு பதிப்பகத்தார் சேர்ந்து ஒரு கிடங்கு, ஒரு கணக்குப்பிள்ளை, ஒரு பார்சல் என்று வைத்துக்கொள்ளட்டும். அமேசானிலும் விற்கட்டும், சர்க்காருக்கும் விற்கட்டும். எந்த ஒருவர் வாங்காவிட்டாலும் அடுத்த புத்தகம் வரும் என்கின்ற அளவுக்குக் கணக்கு இருந்தால் போதும்.

வாசலில் நமது தோழர்கள் மேசை போட்டு, இங்கே வந்திருக்கும் பதிப்பகத்தாரின் புத்தகங்களை வைத்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் பஸ் பிடிக்கிற அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சில்லறை கொண்டுவந்தால் சௌகரியம். தள்ளுபடி கிடையாது.