காத்திருக்கும் விசுவாசம்
(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



விசுவாசத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இச்சங்கத்தில் கிறிஸ்தவரல்லாத உறுப்பினரும் உளர் என்பதை அறிவேன். அவர்கள் என் பேச்சைப் பிரசங்கமாகக் கொள்ள வேண்டியதில்லை. காத்திருந்து காத்திருந்து களைத்துப் போன மனிதர்களின் கதையாகக் கேட்டால் போதும். களைப்புக்கு மத வேறுபாடு இல்லை.

இருபத்தைந்து ஆண்டு என்றதும் வேதாகமம் படிப்பவனுக்கு ஆபிரகாமின் நினைவு வரும். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. சந்ததி உண்டாகும் என்னும் வாக்குத்தத்தத்தை அன்றே பெற்றார். ஈசாக்கு பிறந்தபோது வயது 100. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளும் அவர் அசையாத பாறை போல நின்றார் என்று நம் பிரசங்கிமார் சொல்லிவிடுகிறார்கள். ஆதியாகமத்தைத் திறந்து பார்த்தால் கதை அப்படி இல்லை. பஞ்சம் வந்ததும் எகிப்துக்குப் போனார்; உயிருக்கு அஞ்சி மனைவியைச் சகோதரி என்று சொன்னார். பல ஆண்டு கழித்து, ஈசாக்கு பிறக்கும் காலம் நெருங்கிய வேளையிலே, கேராரூரில் அதே பொய்யை மறுபடியும் சொன்னார். நூறு வயதில் பிள்ளையா என்று அவரும் நகைத்தார், சாராளும் நகைத்தாள். பிறந்த குழந்தைக்கு நகைப்பு என்னும் பொருளுடைய பெயரே வாய்த்தது. விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் கொண்டாடும் மனிதரின் வரலாறு இது. எழுதியவர் எதையும் மறைக்கவில்லை என்பதே எனக்கு இந்நூலின்மேல் மதிப்பை உண்டாக்குகிறது.

ஆனால் அந்த வீட்டில் வேறொருத்தியும் இருந்தாள். அவள் பெயர் ஆகார். எகிப்து தேசத்து அடிமைப் பெண். எசமானர் காத்திருக்க மாட்டாமல் குறுக்கு வழி தேடியபோது, அந்த வழியின் பாரம் முழுவதும் அவள் வயிற்றில் இறங்கியது. ஆபிரகாமுக்கு 86 வயதில் இஸ்மவேல் பிறந்தான். பிள்ளைக்காக அவளைப் பயன்படுத்திய வீடு, கருவுற்றபின் அவளைக் கடினமாய் நடத்தியது. பெரியோர் பொறுமை இழந்தால் தண்டனை யாருக்குப் போகிறது என்பது நமக்குப் புதிய பாடமன்று. அவள் வனாந்தரத்துக்கு ஓடினாள். அங்கே நீரூற்றண்டையில் அவளைத் தேடி வந்தவர் கர்த்தருடைய தூதன். வேதாகமத்தில் தேவனுக்கு ஒரு பெயர் சூட்டிய முதல் ஆள் அவளே. தன்னைக் காண்கிறவர் என்ற பொருளில் அப்பெயரைச் சொன்னாள். அந்த முதல் முறை அவள் நாயகியிடமே திரும்பிப் போகும்படி சொல்லப்பட்டாள். நம் செவிக்கு அது கசக்கிறது, எனக்கும் கசக்கிறது. அதை இனிப்பாக்கிக் காட்ட நான் முயலமாட்டேன். பின்னொரு நாள் அவள் மகனோடு விடுதலையாய் வெளியேறியபோதும், தண்ணீர் தீர்ந்து பிள்ளை சாகும் என்று அழுதபோதும், அதே தேவன் அவளுக்குத் துரவைக் காட்டினார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? காத்திரு, பொறுத்திரு என்ற சொற்கள் நம் மக்களிடம் நெடுங்காலமாகத் தவறான வாய்களிலிருந்து வந்திருக்கின்றன. நிலக்கிழார் சொன்னார், அதிகாரி சொன்னார், ஆலயத்தில் தனி வரிசையில் உட்கார வைத்தவர்களும் சொன்னார்கள். ஆதலால் ஓர் இளைஞன் எழுந்து, 'ஐயா, நீங்களும் அதையே சொல்ல வந்தீரா?' என்று கேட்டால் அவன்மேல் எனக்குக் கோபம் வராது. கணக்கைப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்ற வரையறைக்குள் இந்துக்களை மட்டுமே கொண்டது. 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். 1990-இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரான தலித் மக்கள் வாசலிலேயே நின்றனர். 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022-இல் நீதியரசர் பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. பாட்டன் கையெழுத்திட்ட மனுவில் பேரனும் கையெழுத்திட்டான். இந்தக் காத்திருப்பைத் தேவசித்தம் என்று சொல்ல என் நா கூசும். மனிதர் செய்த அநீதியைத் தேவன் கணக்கில் எழுதுவது பக்தியாகாது. கர்த்தருக்குக் காத்திருப்பது ஒன்று. எசமானின் திண்ணையில் காத்திருப்பது வேறு. முன்னது கால்களை நடக்க வைக்கும்.

நடந்த கால்களுக்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், மயிலாடி என்ற ஊர். அங்கே மகாராசன் என்றொருவர், நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட சாம்பவர் குலத்தில் பிறந்தவர். மெய்ப்பொருளைத் தேடும் தாகமுடையவர். தெற்குக் கோடியிலிருந்து சிதம்பரத்துக்கு நடந்தே யாத்திரை போனார். தேடியது அங்கே கிட்டவில்லை. திரும்பும் வழியில் தஞ்சையில் உறவினர் வீட்டில் தங்கியபோது, கோலாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். 1799-இல் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஊர் திரும்பியவருக்கு உபத்திரவமே காத்திருந்தது. அன்றைய திருவிதாங்கூரில் நம்மவருக்கு எந்தப் பாதையில் நடப்பது, எந்த உடை உடுப்பது, எத்தனை நாள் கூலியின்றி ஊழியம் செய்வது என்பதெல்லாம் பிறரால் வகுக்கப்பட்டிருந்தன. புதிய விசுவாசம் வந்ததும் அடி இரட்டிப்பானது. குடும்பத்தாரும் உறவினரும் அவரோடு சேர்ந்தனர். ஆனால் போதிக்க ஒருவரும் இல்லை, காக்க ஒருவரும் இல்லை. எல்லோரையும் அழைத்துக்கொண்டு தஞ்சைப் பக்கம் குடியேறிவிடலாமா என்றுகூட எண்ணினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். இப்படியே ஏழு ஆண்டுகள் கழிந்தன. அந்த ஏழாண்டில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தாம் கற்ற சிறிதளவைத் தம் வீட்டாருக்குக் கற்பித்தார். மறுபடியும் தஞ்சைக்கு நடந்தார். எங்களுக்கு ஓர் ஆசிரியரைத் தாருங்கள் என்று கேட்டார். மயிலாடிக்கும் தஞ்சைக்கும் இடையிலான தூரத்தை நீங்கள் பேருந்தில் போய்ப் பாருங்கள். அப்போது அவருடைய ஜெபம் எப்படிப்பட்டதென்று புரியும்.

அவருக்குக் கிடைத்த ஆசிரியர் ரிங்கல்தௌபே. ஜெர்மன் நாட்டவர், ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். இவரைப் பற்றி ஒரு செய்தியை நம் சபை நூல்கள் விரைந்து கடந்துவிடும். இவர் 1797-இலேயே கல்கத்தாவுக்கு வந்து, ஊழியத்தில் மனமுடைந்து, குறுகிய காலத்திலேயே ஊர் திரும்பியவர். தோற்றுத் திரும்பிய ஆள்! அவரே 1804-இல் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் தரங்கம்பாடிக்கு மீண்டும் வந்தார், தமிழ் கற்றார், 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மயிலாடியை அடைந்தார். ஆலயம் கட்ட அனுமதி உடனே கிடைக்கவில்லை. திவான் வேலுத்தம்பி இசையவில்லை. கர்னல் மெக்காலே ரெசிடெண்டாக இருந்தும் 1809 வரை பொறுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டில்தான் மயிலாடி ஆலயம் எழுந்தது. பள்ளிகளும் தோன்றின, ஏழைப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்றனர்.

ரிங்கல்தௌபே எந்நேரமும் மகிழ்ந்து துதித்துக்கொண்டிருந்த மனிதரல்லர். எளிதில் சோர்வடைகிறவர். தம்மிடம் வந்தவர்கள் வரிச்சுமையிலிருந்து தப்பத்தான் வந்தார்களோ என்று வெளிப்படையாகவே ஐயுற்றார். ஆயினும் தம் சம்பளத்தை அந்த மக்களுக்கே கொடுத்துவிட்டு, கந்தலான உடையோடு திரிந்தார். ஐயத்தையும் அன்பையும் ஒரே நெஞ்சில் சுமந்து பத்தாண்டு உழைத்த அவர், 1816-இல் உடல்நலம் குன்றி, சபைகளை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். கிழக்குக் கடல்களில் எங்கோ அவர் முடிவு எய்தினார். கல்லறை கூட இல்லை. மீட் ஐயர் வந்து சேரும்வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்தச் சபைகளைத் தாங்கியவர் முன்பு ஆசிரியரைத் தேடி நடந்த அதே வேதமாணிக்கம். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல் ஒழிக்கப்பட்டது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936-இல் வந்தது. இரண்டையும் அவர் காணவில்லை.

சந்தேகப்படுகிறேன், ஆகையால் நான் விசுவாசியல்லன் என்று கலங்கும் இளைஞர் இங்கே இருக்கலாம். தோமாவின் கதையில் நாம் கவனியாத ஒரு சிறு செய்தி உண்டு. மற்றச் சீஷர்கள் கண்டதை அவர் நம்பவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது தோமா எங்கே இருந்தார்? அதே வீட்டில், அவர்களோடேயே இருந்தார். நம்பாதவனை அவர்கள் வெளியே தள்ளவில்லை. அவரும் விலகிப் போகவில்லை. நம் சங்கத்து மூத்தோர் இதைச் சற்றே கவனிக்க வேண்டுகிறேன். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு நம் கூட்டத்தில் எட்டு நாளாவது இடம் உண்டா?

இனி, சொல்லச் சற்றுக் கூச்சமான ஒன்று. பேதுரு மறுதலித்த கதையை அறிவீர்கள். அந்த முற்றத்தில் அவரைக் காட்டிக் கொடுத்தது எது? அவர் பேச்சு. கலிலேயாக்காரரின் பேச்சு என்று அங்கிருந்தோர் கண்டுகொண்டனர். எருசலேமில் கலிலேயப் பேச்சுக்கு மதிப்பில்லை. அன்றிரவு அதனால் ஆபத்தும் இருந்தது. அவர் இல்லை என்றார். மும்முறை இல்லை என்றார்.

பட்டணத்தில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கு இந்த முற்றம் தெரியும். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன தொழில் என்று சக ஊழியர் சிரித்துக்கொண்டே கேட்பார். வாடகை வீட்டுக்காரர் சிரிக்காமலே கேட்பார். அப்போது தெருப் பெயரை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. ஊரிலிருந்து தாய் வந்தால் அலுவலகத்துக்கு வரவேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. பிறகு இரவில் தூக்கமின்றித் தம்மையே வெறுத்தவர்களும் உண்டு. அவர்களைத் துரோகிகள் என்று மேடையில் ஏசுவது எளிது. நான் ஏசமாட்டேன். பயத்தை உண்டாக்கியவன் ஒருவன் இருக்க, பயந்தவனை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

உயிர்த்தெழுந்த கர்த்தர் பேதுருவை எப்படிச் சந்தித்தார்? இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாத விடியற்காலையில், கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, சாப்பிட அழைத்தார். மறுதலித்ததும் ஒரு நெருப்பண்டையில்தான். ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர் விசாரணை நடத்தவில்லை. அன்புண்டா என்று மும்முறை கேட்டார். மும்முறையும் வேலை கொடுத்தார், தம் ஆடுகளை மேய்க்கும் வேலையை. அதற்குப் பின்னும் பேதுரு முழுமையடைந்துவிடவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை முகத்துக்கு முகம் நேராகக் கண்டித்தார். பந்தி விலக்கம் சுவிசேஷத்துக்கு விரோதம் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தீர்ப்பாகிவிட்டது. நம் நாட்டுச் சபைகளுக்குத்தான் அந்தத் தீர்ப்பின் நகல் இன்னும் வந்து சேராத இடங்கள் உள்ளன. பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று கண்டிப்பாக எழுதினார். அதன் பிறகும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பியவர்கள் இருந்தார்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டே நான் இந்தச் சபையில் இருக்கிறேன். ஆகாரைக் கண்டவர் என்னையும் காண்கிறார் என்று நம்புவதால் இருக்கிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தவறிய நம் பிள்ளைகள் சிலர் இவ்விழாவுக்கே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். பரிசு பெறுவோரைப் பார்க்கக் கூசி வீட்டில் இருக்கிறார்களாம். மதிய உணவு முடிந்ததும் இளைஞர் இரண்டிரண்டு பேராய் அவர்கள் வீடுகளுக்குப் போங்கள். பந்தியில் அவர்களுக்கு எடுத்து வைத்த சாப்பாட்டையும் கொண்டு போங்கள். துணைத் தேர்வுக்கான பாடங்கள் திங்கட்கிழமை மாலை நம் சங்கக் கட்டடத்திலேயே தொடங்கும். கணக்கு ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார், ஆங்கிலத்துக்கு நான் வருகிறேன்.