திட்டினால் நோட்டு எழுதாது!
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



ஒரு குழுவில் மூன்று மாதமாகத் தீர்மான நோட்டு எழுதாமல் கிடந்தது. "பணத்தைச் சுருட்டிட்டாங்க" என்று பேச்சு கிளம்பியது. நாங்களும் அந்த ஊக்குநர் அக்காவை எல்லார் முன்னாடியும் "ஏன் இப்படிப் பொறுப்பில்லாம இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டோம். பாஸ்புக்கைப் பார்த்தால் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை!

தனியாக உட்கார்ந்து பேசினோம். "நோட்டை எடுப்பேன், அடுப்பு ஞாபகம் வரும். அங்க போனா ஆடு கத்தும். ராத்திரி படுத்தா, நீ எதுக்குமே லாயக்கில்லைன்னு என்னையே திட்டிக்குவேன். பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான்" என்று அழுதார். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். ஏ.டி.எச்.டி. என்றார் டாக்டர். ஊர், பேர் சொல்லாமல் இதை மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னதே அந்த அக்காதான்.

ஏ.டி.எச்.டி. என்பது சின்ன வயதிலேயே தொடங்கும் கவனக்குறைபாடு. பரம்பரையாகவும் வரலாம். சோம்பேறித்தனம் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. பெண்களிடம் பெரும்பாலும் மறதியாக, வேலையைப் பாதியில் விடுவதாகத் தெரிவதால், பலருக்குக் கண்டுபிடிக்காமலே போய்விடுகிறது.

நம்மை நாமே திட்டினால் என்ன ஆகும்? நோட்டைப் பார்த்தாலே பயம் வரும், இன்னும் தள்ளிப்போடுவோம். குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடுவதைப் பாருங்கள். "இப்ப அரிசி போடுறேன், இப்ப கிண்டுறேன்" என்று வாய் சொல்ல, கை செய்யும். அப்படிப் பேசுவது குழந்தை தன் வேலையைத் தானே நடத்திக்கொள்ள உதவுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930-களிலேயே எழுதினார். நாமும் அதைச் செய்யலாம்.

1. "நோட்டு முழுசா எழுதணும்" என்று மலைக்க வேண்டாம். "நோட்டைத் திறக்கிறேன், தேதி போடுறேன்" என்று அடுத்த ஒரு வேலையை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

2. எழுந்து போகும்போது விட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். திரும்பி வந்து "எங்க விட்டேன்?" என்று கேளுங்கள்.

3. வேலை முடிந்ததும் "முடிச்சிட்டேன்" என்று சொல்லுங்கள்.

4. பக்கத்தில் ஒரு தோழி உட்காரட்டும். அவர் எழுத வேண்டாம், திட்டவும் வேண்டாம். கூட இருந்தால் போதும்.

ஆனால் பேச்சு மட்டுமே மருந்தாகாது. தூக்கமின்மை, தைராய்டு, மனச்சோர்வு இருந்தாலும் கவனம் சிதறும். எது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏ.டி.எச்.டி.க்கு மாத்திரையும் ஆலோசனையும் உண்டு. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம்.

அந்த அக்கா இப்போது கூட்டம் முடிந்து எழும் முன்பே நோட்டை எழுதுகிறார். நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனது. ஆனால் யாரும் பழி பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மறுநாளே எழுத வைத்தார்கள். நாங்களும் எல்லார் முன்னாடியும் கேட்ட கேள்விக்கு, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டோம்.

உங்கள் குழுவிலும் நோட்டு பாதியில் நின்றால், முதலில் கணக்கைப் பாருங்கள். பிறகு அந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.